மாய்வுக் கணக்கில் இருவேறு பத்திகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் இடைநிற்றல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வின்சென்ட் டின்டோ 1975இல் எழுதிய கட்டுரையையே தொடக்கப் புள்ளியாகக் கொள்கின்றன. தேர்வில் தவறி வெளியேற்றப்பட்டவரையும் தாமாகவே விலகியவரையும், படிப்பையே விட்டவரையும் வேறு கல்லூரிக்கு மாறியவரையும் முந்தைய ஆய்வுகள் ஒரே மூட்டையில் கட்டிவிட்டன என்பது டின்டோவின் குற்றச்சாட்டு. பல ஆய்வுகளுக்கு இது பொருந்தும். அவருக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முந்தைய ஓர் அரசு வெளியீட்டுக்கு இது பொருந்தாது.

அது ஜான் மெக்நீலி எழுதிய ‘கல்லூரி மாணவர் மாய்வு’. அமெரிக்கக் கல்வி அலுவலகத்தின் 1937ஆம் ஆண்டு வெளியீட்டு வரிசையில் பதினொன்றாம் எண் கொண்டது. அச்சானதோ 1938இல். அதனால் மேற்கோள் காட்டுவோர் சிலர் 1937 என்றும் சிலர் 1938 என்றும் குறிக்கிறார்கள். இங்கு வரிசை ஆண்டே கொள்ளப்படுகிறது. மற்றதையும் தவறென்று சொல்வதற்கில்லை.

1931–32இல் 25 பல்கலைக்கழகங்களில் சேர்ந்த மாணவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தது அந்த ஆய்வு. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மெக்நீலி மாய்வை இரண்டாகப் பிரிக்கிறார்: மொத்த மாய்வு, நிகர மாய்வு. சேர்ந்த இடத்தில் பட்டம் பெறாமல் போனவர் எல்லாரும் முதல் கணக்கில் வருவர். அவர்களுள் வேறு கல்லூரிக்கு மாறியவர்களையும் பின்னர் திரும்பி வந்தவர்களையும் கழித்தால் கிடைப்பது இரண்டாவது. முதலாவது நூற்றுக்கு ஏறத்தாழ 62, இரண்டாவது ஏறத்தாழ 45. இரண்டாம் ஆண்டில் ஊர் மாறி, வேறொரு பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர்ந்த மாணவர் முதல் பத்தியில் மாய்ந்தவர். இரண்டாம் பத்தியில் உயிரோடு இருப்பவர். நூற்றுக்குப் பதினேழு பேரின் கதி எந்தப் பத்தியைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. டின்டோ கேட்ட பாகுபாடுகளில் ஒன்று 1937லேயே அட்டவணையாகிவிட்டது.

‘மாய்வு’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஒரே ஆண்டில் நுழைந்தவர்களை ஒரு தொகுதியாக்கி, ஆண்டுதோறும் எத்தனை பேர் குறைகிறார்கள் என்று எண்ணும் முறை ஆயுள் காப்பீட்டார் வைத்திருக்கும் இறப்பு அட்டவணையின் முறை. அந்தச் சொல்லும் இம்முறையோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. கணக்கின் வடிவம் ஒன்றே இதற்குச் சான்று. ஆனால் அது வலுவான சான்று. தனித்தனி ஆண்டின் தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சொல் தேவைப்பட்டிருக்காது. நுழைந்தவரை இறுதிவரை தொடர்ந்தவருக்கே அது தேவைப்பட்டது.

டின்டோவும் மரண உவமையைக் கைவிடவில்லை. வில்லியம் ஸ்பேடி 1970இல் காட்டிய வழியில், எமில் துர்கைமின் தற்கொலைக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டார். கல்லூரிச் சமூகத்தோடு ஒன்றாத மாணவர் அதிலிருந்து விலகுகிறார் என்பது டின்டோ அதற்குத் தந்த வடிவத்தின் சாரம். இறப்புக் கணக்கு தற்கொலைக் கோட்பாடாக மாறியபோது கேள்வியும் மாறியது. “எத்தனை பேர் போனார்கள், என்ன காரணத்தால்” என்றிருந்தது, “இவர் ஏன் ஒன்றவில்லை” என்றானது.

பெருமந்தத்தின் நடுவே படித்தவர்களைக் கணக்கெடுத்த மெக்நீலி பணமுடையைத் தனிக் காரணமாகவே பதிந்தார். 1975இன் மாதிரியில் அதற்கு ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. 1982இல் டின்டோவே இக்குறையை ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒன்றுதல் என்ற கருத்தே பூர்வகுடி மாணவர்களின் பண்பாட்டைக் கணக்கில் கொள்ளவில்லை என்று 1992இல் வில்லியம் டியர்னி மறுத்தார்.

‘மாய்வு’ என்ற சொல் வழக்கிழந்ததன் முழுப் பொறுப்பையும் டின்டோமேல் சுமத்த முடியாது. அதே கல்வி அலுவலகம் இருபது ஆண்டுகளுக்குப் பின் வெளியிட்ட ராபர்ட் இஃபர்ட்டின் ஆய்வு, தலைப்பிலேயே ‘தக்கவைப்பு, விலகல்’ என்றது. அதற்கும் 1957, 1958 என இரண்டு ஆண்டுகள் வழங்குகின்றன. எதுவாயினும் ‘மாய்வு’ ஸ்பேடிக்கு முன்பே தலைப்பிலிருந்து இறங்கிவிட்டது.

1990இல் வந்த மாணவர் அறியும் உரிமைச் சட்டம் பட்டம் பெறும் விகிதத்தை வெளியிடுவதைக் கட்டாயமாக்கியது. நான்காண்டுப் படிப்புக்கு ஆறு ஆண்டு வரை அவகாசம். கல்லூரியில் முதன்முறையாகவும் முழுநேர மாணவராகவும் சேர்ந்தவர் மட்டுமே கணக்கில் வருவர். மாறிச் சென்றவர்களின் எண்ணிக்கையைத் தனியே காட்ட இடமுண்டு. ஆனால் விட்டுச் சென்ற கல்லூரியின் விகிதத்தில் மாறியவர் பட்டம் பெறாதவரே. சென்று சேர்ந்த கல்லூரியின் தொகுதியிலும் அவர் இல்லை. அங்கே பட்டம் பெற்றாலும் எந்த விகிதத்திலும் ஏறமாட்டார். மாறியவரைப் பொறுத்தவரை இது மெக்நீலியின் மொத்த மாய்வுதான். அவருடைய இரண்டாம் பத்தி சட்டத்துக்குள் வரவில்லை.

2015–16இல் கூட்டாட்சிக் கல்விப் புள்ளிவிவரத் திரட்டு, பகுதிநேர மாணவர்களையும் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்களையும் தனித் தொகுதிகளாக எண்ணத் தொடங்கியது. இதை மெக்நீலியின் நிகரக் கணக்கின் மீட்சி என்று கொள்ளலாமா? கருத்தில் ஒற்றுமை தெளிவு. ஆனால் 1937க்கும் 2015க்கும் இடையே ஆசிரியர் வழியாகவோ ஆவண வழியாகவோ ஒரு தொடர்ச்சியைக் காட்டும்வரை, இரண்டும் ஒரே சிக்கலுக்குத் தனித்தனியே கண்ட தீர்வுகள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.