உமி நீங்கும் இடம்: ஜவ்வாது மலைச் சாமை வணிகம் போன வழி

ஜவ்வாது மலைச் சாமையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் சத்தைப் பேசுவார்கள்; அல்லது சாகுபடி குறைந்துவருகிறதே என்று வருந்துவார்கள். அந்தச் சாமை எந்த ஊரில், யார் கையில் அரிசியாகிறது என்று கேட்பவர்கள் குறைவு. இந்த மலையின் சாமை வணிகம் போன வழியை அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே தொடரலாம் என்பது என் கருத்து. உமி எந்த இடத்தில் நீங்குகிறதோ, லாபமும் அந்த இடத்தில்தான் தங்குகிறது.

நிர்வாகவியல் அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிறுவனத்தின் போக்கு திட்ட ஏட்டில் எழுதி வைத்தபடி மட்டும் அமைவதில்லை, அவ்வப்போது எடுத்த முடிவுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தும் அது உருவாகிறது என்று காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனம். தலைமை அலுவலகமோ திட்ட ஏடோ இல்லாத ஒரு மலை வணிகத்துக்கு அவர் சொன்னது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

மலையாளிப் பழங்குடி மக்களின் வீடுகளில் சாமை முதலில் விற்பனைச் சரக்காக இருக்கவில்லை. மழையை நம்பிச் சரிவு நிலத்தில் விதைத்து, அறுத்து, களத்தில் அடித்து, உமியோடு சேமித்து வைத்தார்கள். உமி மூடிய சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. உமி நீங்கிய அரிசியோ, தவிட்டில் உள்ள எண்ணெய் காரணமாக விரைவில் காறிப்போகும். ஆகவே அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு இடித்தார்கள். கல் உரலில் இரண்டு படி சாமையைப் போட்டு, உலக்கை போட்டு, முறத்தில் புடைத்து, மறுபடி உரலில் இட்டு, மறுபடி புடைத்து, நொய்யையும் உமி நீங்காத மணிகளையும் தனியே கொழித்து எடுக்க வேண்டும். சாமை மணி கடுகைவிடச் சற்றே பெரிது. உமி அதை இறுகப் பற்றியிருக்கும். நெல்லுக்கு ஆகும் உழைப்பைவிட இதற்கு அதிகம் ஆகும். அந்த உழைப்பு முழுவதும் பெண்களுடையது.

2008-இல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 ஜூன் முதல் விலையே இல்லாமல் கிடைத்தது. இடிக்காமல், புடைக்காமல், உலையில் போடுவதற்குத் தயாராக ஓர் அரிசி வீட்டுக்கு வந்தபிறகு, உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்த பெண்ணைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. பாரம்பரிய உணவை விட்டுவிட்டார்கள் என்று கண்டிக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது, எழுதியவர் ஒருநாளாவது உலக்கை பிடித்திருப்பாரா என்று எனக்குக் கோபம் வரும். இன்றைக்கு இடிக்க வேண்டாம் என்பது ஒவ்வோர் அடுப்படியிலும் தனித்தனியாக எடுத்த, நியாயமான முடிவு. ஆனால் அத்தனை அடுப்படிகளின் முடிவும் சேர்ந்து வணிகத்தின் முகத்தையே திருப்பிவிட்டது. வீட்டில் இடிப்பது நின்றதும், சாமை உமியோடு மூட்டையாக மலையிறங்கியது.

எங்கே போனது? சமவெளி வியாபாரிகளின் கைமாறி, அதில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்தின் நாசிக் வட்டார ஆலைகளுக்கு. அங்கே சாமை அரிசிக்கு ‘பகர்’ என்று பெயர். ஏகாதசி, சிவராத்திரி போன்ற விரத நாட்களில் அரிசிச் சோற்றுக்குப் பதிலாக உண்பது வழக்கம். விரத உணவுக்கென்று நிலையான சந்தை இருந்ததால் அங்கே ஆலைகள் பெருகின. ஆலைகள் இருந்ததால் பல மாநிலத்துச் சாமை அங்கே போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டுக் கடையில் சாமை அரிசி கேட்பவருக்கு, நம் மலையில் விளைந்ததே வடக்கே போய்த் திரும்பி வரும் நிலையும் உண்டானது.

இதற்கிடையில் இன்னொரு சிறு முடிவு. சாணம் மெழுகிய களத்துக்குப் பதில், அறுத்த கதிரைத் தார்ச்சாலையில் பரப்பினார்கள். வண்டிகள் ஏறி இறங்கினால் மணி உதிர்ந்துவிடும், ஆள்கூலி மிச்சம். ஆனால் சாமை அளவிலேயே இருக்கும் கல் அதில் கலந்தது. சல்லடை அதைப் பிரிக்காது. கல் பிரிக்கும் இயந்திரம் வேண்டும். வியாபாரி ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார்; கல் தட்டுப்பட்டால் மூட்டை முழுவதற்கும் விலை இறங்கும். சுத்தமாக அடித்துக் கொண்டுவந்தவருக்கும் அதே விலைதான் என்றால், மறு ஆண்டு அவர் ஏன் களம் மெழுகப் போகிறார்?

உமி நீக்கும் வேலையை மலைக்குத் திருப்பிக் கொண்டுவரும் முயற்சி 2011-க்குப் பிறகு வலுப்பட்டது. தானம் அறக்கட்டளை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய சிறுதானியத் திட்டத்துக்கு ஜவ்வாது மலையும் ஒரு களம். சிறிய அளவில் இயங்கும் உமி நீக்கும் இயந்திரம் அதில் முக்கியமான வேலையாக இருந்தது. சுழலும் தட்டு மணியை விசையோடு சுவரில் எறிகிறது. மோதலில் உமி பிளக்கிறது. மணிகள் ஒரே அளவாக இருந்தால்தான் இது ஒழுங்காக நடக்கும். பெரிய மணி நொறுங்காத வேகத்தில் சிறிய மணியின் உமி பிளக்காது. ஆகவே எந்த விதையை எடுத்துவைப்பது, முற்றாத கதிரை அறுப்பதா, இரண்டு நாள் பொறுப்பதா என்று காட்டில் எடுக்கும் முடிவு, ஆலையில் எவ்வளவு நொய் விழுகிறது என்பதில் தெரிந்துவிடும். 100 கிலோ சாமைக்கு ஏறக்குறைய 60 முதல் 70 கிலோ அரிசி தேறும். நொய் கூடினால் விற்கும் அரிசி குறையும்.

திருவண்ணாமலைக்கு அருகே அத்தியந்தலில் 2014-இல் சிறுதானிய மகத்துவ மையம் தொடங்கப்பட்டது. அங்கிருந்து 2019-இல் ‘அத்தியந்தல் 1’ என்ற சாமை ரகம் வெளிவந்தது. உழவர்களே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு 2002-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத் திருத்தம் வழி திறந்தது. ஜவ்வாது மலையிலும் அப்படியொரு நிறுவனம் அமைந்து, சாமை அரிசியும் தேனும் புளியும் மலையின் பெயரிலேயே பொட்டலங்களில் விற்பனைக்கு வருகின்றன.

உமி மலையிலேயே நீங்கத் தொடங்கியதும், காறிப்போகும் அந்தப் பழைய தொல்லை ஆலைக்காரர் தலைக்கு வந்தது. அறுவடை முடிந்ததும் மொத்தத்தையும் அரைத்துவிட முடியாது. சந்தை கேட்கும் அளவுக்கு அவ்வப்போதுதான் அரைக்க வேண்டும். அன்று பாட்டி உரலுக்கு முன்னால் நின்று கணக்கிட்ட அதே கணக்கை, இன்று பேத்தி இயந்திரத்துக்கு முன்னால் நின்று போடுகிறாள்: இன்றைக்கு எத்தனை மூட்டை பிரிப்பது, அதில் வீட்டுப் பானைக்கு எத்தனை படி எடுத்துவைப்பது.