ஒளி பார்வையாகும் இடம்

நாம் ஒரு பொருளைக் காணும்போது கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டு அப்பொருளைத் தொடுகிறதா? அல்லது பொருளிலிருந்து ஒளி வந்து கண்ணை அடைகிறதா? இவ்வினா அறிஞர் உலகைப் பன்னூறு ஆண்டுகள் அலைக்கழித்தது. யவன மேதைகளான யூக்ளிடும் தாலமியும் கண்ணே கதிர் விடுகிறது என்றனர். அரிஸ்டாட்டில் அதை மறுத்தார்.

பஸறாவில் கி.பி. 965ஆம் ஆண்டளவில் பிறந்து, காஹிராவில் 1040ஆம் ஆண்டளவில் மறைந்த இப்னுல் ஹைதம், ஏழு பாகங்கள் கொண்ட தமது 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் இவ்வழக்குக்குத் தெளிவான தீர்ப்பு வழங்கினார். அவர் காட்டிய சான்றுகள் எவரும் சோதித்தறியத்தக்கவை. சூரியனை நேரே நோக்கினால் கண் நோகிறது. பேரொளியை உற்றுநோக்கிவிட்டு இருண்ட இடத்தைப் பார்த்தால், அவ்வொளியின் உருவம் சற்று நேரம் கண்ணை விட்டு அகலுவதில்லை. எனவே ஒளி கண்ணுக்குள் புகுந்து அங்கே ஒரு மாற்றத்தை விளைவிக்கிறது என்று அவர் முடிவு செய்தார்.

அம்மாற்றம் நிகழும் இடம் எது? பழைய மருத்துவர் காலீனூஸைப் பின்பற்றி, பனிக்கட்டி போன்ற 'ஜலீதிய்யா', அதாவது கண்வில்லையே அவ்விடம் என்று இப்னுல் ஹைதம் கருதினார். இது சரியன்று. வில்லைக்குப் பின்னே வலைபோல் விரிந்துள்ள படலத்தை அரபு மருத்துவர்கள் 'ஷபகிய்யா' என்றனர். யவனர் இட்ட பெயரின் பெயர்ப்பே அது. ஷபகா என்றால் வலை. அது லத்தீனுக்குச் சென்று 'ரெட்டினா' ஆயிற்று. தமிழில் விழித்திரை என்கிறோம். பிம்பம் விழுவது இத்திரையில்தான் என்பதை 1604இல் கெப்ளர் நிறுவினார். அவர், 1572இல் பாஸல் நகரில் அச்சேறிய இப்னுல் ஹைதமின் லத்தீன் பெயர்ப்பைக் கற்றவர்.

திரையில் விழும் ஒளி அங்கே என்ன செய்கிறது என்பது மேலும் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலாகப் புதிராகவே இருந்தது. 1876இல் பிரான்ஸ் பால் என்னும் இளம் ஆய்வாளர், இருளில் வைத்திருந்த தவளையின் விழித்திரை சிவந்திருப்பதையும், ஒளி பட்டதும் அந்நிறம் வெளுப்பதையும் கண்டார். முப்பது வயதில், 1879இல், அவர் காலமானார். ஹைடல்பெர்க் நகரத்து வில்லி கூனே அந்நிறப்பொருளைத் திரையிலிருந்து பிரித்தெடுத்தார். சாளரத்தை நோக்கவைத்த முயலின் விழித்திரையில் அச்சாளரத்தின் உருவம் பதிந்திருப்பதையும் காட்டினார். ரொடாப்சின் என்று பெயர் பெற்ற அப்பொருள் ஒரு புரதம்.

அப்புரதத்தின் மடியில் வைட்டமின் 'ஏ'யிலிருந்து உண்டாகும் ரெட்டினால் என்னும் சிறு மூலக்கூறு வளைந்து அமர்ந்திருக்கிறது. ஒளி பட்டதும் அதன் வளைவு நிமிர்கிறது. புரதத்தின் வடிவமும் மாறுகிறது. அம்மாறுதல் செல்லுக்குள் அடுத்தடுத்துப் பல வேதிவினைகளைத் தூண்டிப் பெருகுகிறது. செல்லின் சுவரிலுள்ள நுண்வாயில்கள் மூடிக்கொள்ள, அதன் மின்நிலை மாறுகிறது. அச்செய்தியே நரம்பின் வழியே மூளையை அடைகிறது. மங்கிய ஒளியில் பணிபுரியும் இத்தகைய கோல் செல்கள் நம் ஒவ்வொரு கண்ணிலும் ஏறத்தாழ 12 கோடி உள்ளன. ஒரே ஓர் ஒளித்துகளையும் ஒரு கோல் செல் உணரவல்லது என்பது 1979இல் தேரையின் செல்களில் அளந்தறியப்பட்டது.

விழித்திரையில் வைட்டமின் 'ஏ' இருப்பதை 1933இல் கண்டறிந்த ஜார்ஜ் வால்ட், 1967இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மாலைக்கண் நோய்க்கு ஈரலை உண்ணக் கொடுத்த பழைய வைத்தியத்தின் காரணம் இவ்வாறு விளங்கிற்று. ஈரல் அவ்வைட்டமினின் சேமிப்பிடம். அது குறைந்தால் ரொடாப்சின் குறையும். அந்தி சாய்ந்ததும் குழந்தை தடுமாறும்.

எல்லாவற்றையும் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். இப்னுல் ஹைதமுக்கு அப்புகழ் வேண்டுவதில்லை. தாலமியின் மீது ஐயங்களை எழுப்பித் தனி நூலே இயற்றியவர் அவர். முன்னோர் சொல்லையும் சோதித்தே ஏற்கவேண்டும் என்றவர். வில்லையைப் பற்றிய அவர் கருத்தைத் திருத்தியவர்கள் அவர் வகுத்த வழியில் நடந்தவர்களே. நம் பிள்ளைகளுக்கு அவருடைய பெயரைக் கற்பிக்கும்போது, அவர் கண்ட உண்மையோடு அவர் காணாது விட்டதையும் சேர்த்தே கற்பிப்போம். அப்போதுதான் அவர்கள் எஞ்சியதைத் தேடப் புறப்படுவார்கள்.