திறந்த மண்டிக்குப் பின்னால் ஒரு கிடங்கு

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றுபோனது. அடுத்து ரேஷன் வந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோக பர்மிட், விளைந்த நெல்லில் சர்க்காருக்கு லெவி. கல்யாணப் பந்தியில் இத்தனை இலைதான் என்றுகூட உத்தரவு. நடுவில் காந்தி சொல்லித் தளர்த்தினார்கள். விலை ஏறியதும் மறுபடி இறுக்கினார்கள்.

1952 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சரான ராஜாஜி, ஜூனிலேயே கட்டுப்பாட்டை எடுத்தார். நேருவுக்குத் தயக்கம். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் பக்கபலமாக நின்றார். பத்தாயங்களில் கிடந்த நெல் மண்டிக்கு வந்ததை எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சர்க்கார் சம்பளத்தில் வாழ்ந்தவன் சொல்லலாமோ என்னவோ, ராஜாஜி செய்தது சரி. ஆனால் மண்டி தானாகவே சரியாகிவிட்டது என்பவர்கள் பாதிக் கதைதான் சொல்கிறார்கள். மழை கைகொடுத்தது. டில்லியின் கையில் இறக்குமதித் தானியமும் இருந்தது. பதுக்கினால் கை சுடும் என்று தெரிந்தால்தான் வியாபாரி மூட்டையை அவிழ்ப்பார்.

அறுபதுகளின் நடுவில் சர்க்கார் கிடங்கு காலி. அரிசி கடையை விட்டே மறைந்தது. ராஜாஜியின் அமைச்சரவையில் இருந்த சி.சுப்பிரமணியம்தான் அப்போது மத்திய உணவு அமைச்சர். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. பர்மிட் ராஜ்யத்தைச் சாடி 1959இல் சுதந்திராக் கட்சி கண்ட ராஜாஜி அவர்களோடு கூட்டுச் சேர்ந்தார்! அவர் கட்சிக்கு 20 இடம் கிடைத்தது. ஓட்டுப் போட்டவர்களுக்கு இதில் முரண் எதுவும் தெரிந்ததாக நான் நினைக்கவில்லை. விற்கும்போது நல்ல விலை, வாங்கும்போது மலிவு என்று இரண்டையும் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

1972இல் மாநிலத்துக்கே தனியாக நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. வியாபாரி களத்துக்கே வந்து கூடக் கொடுக்கிற வருஷம் எங்கள் நிலையத்தில் வேலை குறைவு. சம்பா அறுப்பில் மழை பிடித்தால் வியாபாரியைக் காணக் கிடைக்காது. ரோட்டோரமெல்லாம் நெல் எங்களை நம்பிக் கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வாங்கக் கூடாது என்பது விதி. தளர்வு கேட்டு மேலே எழுதி, குழு வந்து பார்த்து, உத்தரவு இறங்குவதற்குள் சில வருஷம் நெல் முளைத்தே விட்டது.