‘மஞ்சள் வால்பேப்பர்’ பிறந்த கதை

‘உயிருள்ளவரை பேனாவையோ தூரிகையையோ தொடவே கூடாது.’ 1887இல் ஃபிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் சைலஸ் வேர் மிட்செல், ஓர் இளம் தாய்க்குச் சொல்லி அனுப்பிய அறிவுரையின் சாரம் இது. அந்தத் தாய்தான் பின்னாளில் ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்று அறியப்பட்ட எழுத்தாளர். மகள் பிறந்தபின் மனச்சோர்வு அவரை வாட்டியது. மிட்செல் கண்ட வைத்தியம் ‘ஓய்வுச் சிகிச்சை’: படுக்கையிலேயே கிடக்க வேண்டும், நிறையச் சாப்பிட வேண்டும், மூளைக்கு வேலை கூடாது.

கில்மன் வீடு திரும்பி மூன்று மாதம் அப்படியே நடந்தார். புத்தி பேதலிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். பிறகு அறிவுரையை உதறினார். 1888இல் கணவரைப் பிரிந்து, மகளுடன் கலிஃபோர்னியா போனார். 1890இல் அங்கே ‘மஞ்சள் வால்பேப்பர்’ சிறுகதையை எழுதினார்.

கதைசொல்லியின் கணவன் மருத்துவன். அன்பாகத்தான் பேசுகிறான், ஆனால் அவள் சொல்வது எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வாடகை மாளிகையின் மாடியில், கம்பி போட்ட ஜன்னல்கள் உள்ள அறையில் அவளைத் தங்கவைக்கிறான். அன்பு காட்டுகிறவனிடம் எப்படிக் கோபப்படுவது? அடக்கிய கோபம் அந்த அறைச் சுவரின் மஞ்சள் வால்பேப்பருக்குள் ஒரு பெண்ணாக உருவெடுக்கிறது. சித்திரக் கோலத்துக்குப் பின்னால் அகப்பட்ட அவள், கம்பிகளைப் பிடித்து உலுக்குகிறாள். அவளை விடுவிக்கத் தாளைக் கிழிக்கும் கதைசொல்லி, கடைசியில் தானே அந்தப் பெண்ணாகிறாள்.

பெண்ணின் சினத்தைப் பூட்டிய அறையில் வைப்பது கோத்திக் கதைகளுக்குப் புதிதல்ல. 1847இல் வெளிவந்த சார்லட் பிராண்டேயின் ‘ஜேன் அயர்’ நாவலில் நாயகி ஜேன் நிதானம் காக்கிறாள்; மேல்மாடியில் அடைபட்ட பெர்த்தா வீட்டுக்குத் தீ வைக்கிறாள். பிராண்டே இரண்டு பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்ததைக் கில்மன் ஒருத்திக்குள்ளேயே வைத்தார். ஒரு மனம் இரண்டாகப் பிளப்பதை நாம் அருகிலிருந்து பார்க்கிறோம். அவருடைய பெரிய சாதனை அதுதான்.

‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழின் ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பினார். 1892 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து மேகசின்’ வெளியிட்டது. கில்மன் மிட்செலுக்கும் ஒரு பிரதி அனுப்பினார், பதில் வரவில்லை. நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த கதையை 1973இல் ஃபெமினிஸ்ட் பிரஸ் பதிப்பகம் மீண்டும் அச்சிட்டது.

மனம் நொந்த பெண்ணிடம் ‘ஓய்வெடு, எல்லாம் சரியாகும்’ என்று சொல்வது இன்றும் எளிது. அதற்கு முன், அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள்.