வீட்டுக்கு வந்த வார்டு

மூச்சுக்கு வென்டிலேட்டரும் உணவுக்கு வயிற்றில் பொருத்திய குழாயும் வேண்டியிருக்கும் குழந்தையைப் பெற்றோர் தம் வீட்டிலேயே வைத்து வளர்ப்பது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்று அறிமுகமான நடைமுறை. ஆனால் அது பரவலாகி ஏறக்குறைய அரை நூற்றாண்டே ஆகிறது. அதற்கு முன்பு நெடுநாள் நோயுற்ற குழந்தைக்குரிய இடம் மருத்துவமனை என்றும், பெற்றோருக்குரிய இடம் அதன் வாசலுக்கு வெளியே என்றும் கருதப்பட்டது. வெளியே நிறுத்தப்பட்ட தாய் முதலில் வார்டுக்குள் அனுமதிக்கப்பட்டதும், பின்னர் வார்டே அவளுடைய வீட்டுக்குப் பெயர்ந்ததும் மருத்துவ முன்னேற்றத்தால் மட்டும் நேர்ந்தவை அல்ல. நிர்வாக விதிகளும் செலவுக் கணக்கும் அதே அளவுக்கு அவற்றைத் தீர்மானித்தன. இடம் மாறியபோது, மருத்துவமனை கூலி கொடுத்துச் செய்வித்துவந்த வேலையின் பெரும்பகுதி கூலியில்லாமல் தாயின் கைக்கு வந்தது என்பதே இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி.

லண்டனின் கிரேட் ஆர்மண்ட் தெருவில் 1852 பிப்ரவரியில் பத்துப் படுக்கைகளுடன் குழந்தைகள் மருத்துவமனை திறக்கப்பட்ட காலம் தொட்டு, பெற்றோரின் வருகையை மட்டுப்படுத்துவது இத்தகைய நிறுவனங்களின் பொது வழக்கமாக வளர்ந்தது. வெளியிலிருந்து வருபவர்கள் தொற்றைக் கொண்டுவருவார்கள் என்பது ஒரு காரணம். தாயைக் கண்டதும் குழந்தை அழும், அவள் போனபின் இன்னும் அதிகமாக அழும், யாரும் வராவிட்டால் சில நாட்களில் அடங்கிவிடும் என்ற செவிலியரின் அனுபவம் மற்றொரு காரணம். 1949இல் லண்டன் மருத்துவமனைகளின் வருகை விதிகள் தொகுக்கப்பட்டபோது வெளிப்பட்டவை இன்று படிப்பவரை உறையவைக்கும். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் மாதம் முழுவதும் பெற்றோர் குழந்தையிடம் பேச முடியாது, மாலை ஏழிலிருந்து எட்டு மணிக்குள் அது தூங்குவதைப் பார்த்துவிட்டுப் போகலாம். லண்டன் மருத்துவமனையில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தடுப்புக்கு அப்பால் நின்று பார்க்க மட்டுமே அனுமதி இருந்தது. இதே நாட்டில், நியூகாசில் நகரின் சிசு மருத்துவமனையில், ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற மருத்துவர் 1920களிலேயே தாய்மாரைக் குழந்தையுடன் தங்கவைத்து அவர்களையே பணிவிடை செய்யச் சொன்னார் என்பதும், அது நல்ல பலன் தந்தும் மற்றவர்கள் பின்பற்றப் பல பத்தாண்டுகள் பிடித்தன என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவை.

இந்த வழக்கத்தை அசைத்தது ஒரு மௌனமான கறுப்பு வெள்ளைப் படம். லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஜான் போல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், சிறு அறுவை சிகிச்சைக்காக எட்டு நாட்கள் வார்டில் இருந்த இரண்டரை வயதுக்குட்பட்ட ஒரு சிறுமியைக் கையடக்கக் கேமராவால் 1952இல் படம் பிடித்தார். வேண்டிய காட்சிகளைப் பொறுக்கிச் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டு எழக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்ததால், ஒவ்வொரு நாளும் குறித்த நேரத்தில் மட்டும் படமெடுத்து, சுவர்க் கடிகாரமும் காட்சியில் தெரியும்படி பார்த்துக்கொண்டார். முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கையிழப்பு, இறுதியில் ஒட்டுதலற்ற அமைதி என அவர் பிரித்துக் காட்டிய மூன்று நிலைகளில், செவிலியர் 'பழகிவிட்டது' என்று எண்ணி நிம்மதியடைந்த அந்தக் கடைசி நிலையே மிகவும் கவலைக்குரியது என்பது அவருடைய வாதத்தின் உயிர்நாடி. படத்தை முதலில் பார்த்த மருத்துவர் சபை கொதித்தெழுந்தது. எனினும் மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய அரசு அமைத்த பிளாட் குழு 1959இல் வெளியிட்ட அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு பிள்ளைகளின் தாய்மாருக்குத் தங்குமிடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டிலேயே கிடந்தபோது லண்டன் பேட்டர்சீ பகுதித் தாய்மார் 1961இல் ஒன்றுகூடி, மருத்துவமனை மருத்துவமனையாக அதை நினைவூட்டத் தொடங்கினர்.

வார்டுக்குள் வந்த தாய் ஆறுதலுக்கு உரியவளாகவே வந்தாள். அவளை இயந்திரத்துக்கு அருகில் கொண்டுவந்தது இன்னொரு வரலாறு. 1928இல் பாஸ்டனில் பிலிப் டிரிங்கரும் லூயி ஷாவும் உருவாக்கிய இரும்பு நுரையீரல், அதாவது தலை மட்டும் வெளியே தெரிய உடலை அடைத்துவைத்துக் காற்றழுத்த மாற்றத்தால் மார்பை விரியச் செய்யும் பெட்டி, போலியோவால் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களைக் காப்பாற்றியது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மயக்கமருந்து மருத்துவர் பியோர்ன் இப்சன் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்களை முறைவைத்து இரவும் பகலும் பையை அமுக்கிக் காற்றேற்றச் செய்தார். டிரக்கியாஸ்டமி எனப்படும் அத்துளை வழியே நுரையீரலுக்குள் நேரடியாகக் காற்றைச் செலுத்தும் முறையிலிருந்தே இன்றைய வென்டிலேட்டர் சிகிச்சையும் தீவிர சிகிச்சைப் பிரிவும் வளர்ந்தன. 1979இல் கிளீவ்லாந்தில் மைக்கேல் காடரர், ஜெஃப்ரி பொன்ஸ்கி இருவரும் வயிற்றைப் பெரிதாகக் கீறாமல் எண்டோஸ்கோப்பின் துணையுடன் இரைப்பைக்குக் குழாய் பொருத்தும் முறையை முதன்முதலில் செய்து பார்த்ததும் ஒரு கைக்குழந்தைக்குத்தான். முன்பு இறந்துபோயிருக்கக்கூடிய குழந்தைகள் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் எங்கே வாழ்வது என்ற கேள்வியை மருத்துவம் தன் கேள்வியாகக் கருதவில்லை.

அமெரிக்காவில் போலியோ நிதி அறக்கட்டளை 1950களில் தனி மூச்சு மையங்களை நடத்தி, இயந்திரத்தையும் உதவியாளரையும் தந்து சில நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பியதுண்டு. தடுப்பூசி வந்து போலியோ ஒடுங்கியதும் அந்த ஏற்பாடும் மெல்ல மறைந்தது. 1965இல் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடாக மெடிக்கெய்ட் தொடங்கப்பட்டது. அதற்கான தகுதியை நிர்ணயித்த ஊனமுற்றோர் உதவித்தொகை விதிகளின்படி, வீட்டில் வாழும் பிள்ளைக்குப் பெற்றோரின் வருமானமும் பிள்ளையின் வருமானமாகவே கணக்கிடப்பட்டது. அதே பிள்ளை நீண்ட நாள் மருத்துவமனையிலேயே இருந்தால் அந்தக் கணக்கு நீங்கி, அரசுக் காப்பீடு கிடைத்தது. நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் குழந்தையின் சிகிச்சைக்குப் பணம் பெற வேண்டுமானால் அதைப் பிரிந்திருக்க வேண்டும் என்பதே நடைமுறையில் இதன் பொருள். கொடுமை செய்ய நினைத்து எவரும் இப்படி எழுதவில்லை. ஆயினும் விளைவு கொடுமையாகவே இருந்தது.

அயோவா மாநிலத்தின் சீடர் ராபிட்ஸ் நகரில் 1978இல் பிறந்த கேட்டி பெக்கெட், சில மாதக் குழந்தையாக இருக்கும்போதே மூளை அழற்சியால் தாக்கப்பட்டு வென்டிலேட்டரைச் சார்ந்திருக்கலானாள். குடும்பத்தின் தனியார் காப்பீடு தீர்ந்தது. அவள் வீட்டில் வளரலாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும், விதியின் காரணமாக மருத்துவமனையிலேயே இருந்தாள். தொகுதி உறுப்பினர் டாம் டாக் வழியாகச் செய்தி தலைநகருக்குப் போக, 1981 நவம்பர் 10 அன்று செய்தியாளர் கூட்டத்தில் அதிபர் ரொனால்டு ரீகன் அவளைக் குறிப்பிட்டு, வீட்டில் மாதம் 1,000 டாலரில் முடிவதற்கு மருத்துவமனையில் 6,000 டாலர் செலவிடப்படுவதைச் சுட்டிக்காட்டினார். பிள்ளை வீட்டில் வளர வேண்டும் என்ற நியாயத்தைவிட, அரசுப் பணம் வீணாகிறது என்ற வாதமே அன்றைய அரசியலில் கதவைத் திறந்தது. விதி தளர்த்தப்பட்டு அந்த டிசம்பரில் கேட்டி வீடு திரும்பினாள். 1982ஆம் ஆண்டின் வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஆம் பிரிவு, இத்தகைய பிள்ளைகளுக்குப் பெற்றோரின் வருமானத்தைப் பார்க்காமல் காப்பீடு வழங்க மாநிலங்களுக்கு உரிமை தந்தது. அது கட்டாயமில்லை, விருப்பம் மட்டுமே என்பதால் குழந்தை எந்த மாநிலத்தில் பிறந்தது என்பதே அதன் வாழ்விடத்தைத் தீர்மானிக்கும் நிலை உருவாயிற்று. இணையாக வந்த வேறு திட்டங்களிலும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் பட்டியல் நீண்டது.

வீடு திரும்பிய பிள்ளையைச் சுற்றி வீடே மாறியது. டிரக்கியாஸ்டமி உள்ள குழந்தையின் குழாயில் சளி திரளும்போதெல்லாம், முன்பே அளந்து குறித்த ஆழத்துக்கு மெல்லிய குழலைச் செலுத்தி, சில நொடிகளுக்குள் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். சக்‌ஷன் எனப்படும் இவ்வேலைக்குப் பகல் இரவு என்ற பேதம் இல்லை. குழாய் கழன்றால் உடனே மாற்றுவதற்காக அதே அளவில் ஒன்றும் ஒரு சுற்றுச் சிறியதாக இன்னொன்றும், கையால் அமுக்கும் காற்றுப்பையும் கட்டிலருகிலும் வெளியே போகும் பையிலும் எப்போதும் இருக்க வேண்டும். மூச்சு குரல்வளைக்கு எட்டாமல் கழுத்துத் துளை வழியே போய்விடுவதால் இந்தக் குழந்தைகளில் பலர் அழுதாலும் சத்தம் கேட்பதில்லை. ஆகவே அழுகுரலை நம்பித் தூங்கும் உரிமை இவர்களின் தாய்க்கு இல்லை, யாராவது ஒருவர் விழித்திருந்தாக வேண்டும். இரவுச் செவிலியர் வராத நாளில் அந்த ஒருவர் தாயோ தந்தையோதான். மற்றப் பிள்ளைகளின் பள்ளியும் தாயின் உத்தியோகமும் அந்த இரவின் மிச்சத்திலிருந்தே நடந்தன. மருத்துவமனையில் இதே பணியைப் பயிற்சி பெற்ற மூன்று முறைச் செவிலியர் பகிர்ந்துகொண்டனர் என்பதை நினைத்தால், மேலே சொன்ன 1,000 டாலர் கணக்கில் எது சேர்க்கப்படவில்லை என்பது விளங்கும்.

குழந்தை அறுவை மருத்துவராக இருந்து அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரான எவரெட் கூப், வென்டிலேட்டரைச் சார்ந்த பிள்ளைகளைப் பற்றி 1982இல் பெற்றோரையும் வல்லுநர்களையும் கூட்டி விவாதித்து, குடும்பத்தை மையமாகக் கொண்ட பராமரிப்பு என்ற கொள்கையை 1987இல் முன்வைத்தார். கேட்டியின் தாய் ஜூலி பெக்கெட், 1990களில் வேறு பெற்றோருடன் இணைந்து ஃபேமிலி வாய்சஸ் அமைப்பை உருவாக்கி, கொள்கை வகுக்கும் இடங்களில் பெற்றோருக்கு இருக்கை கேட்டார். கேட்டி கல்லூரிப் படிப்பை முடித்து, ஊனமுற்றோர் உரிமைக்காகப் பேசி, 2012இல் 34ஆம் வயதில் காலமானார். மருத்துவமனைக் கட்டிலிலேயே முடிந்திருக்கக்கூடிய வாழ்வு அது என்பதால், இந்த மாற்றத்தின் நன்மையை ஐயுற இடமில்லை.

ஆனால் அரசு அனுமதித்த செவிலியர் மணிநேரங்களை நிரப்ப ஆட்கள் கிடைப்பதில்லை. மருத்துவமனை ஊதியத்தைவிடக் குறைவான ஊதியத்துக்கு வீட்டுப் பணிக்கு வருவோர் குறைவு. இதன் காரணமாக, பெற்றோரையே உதவிச் செவிலியராகப் பயிற்றுவித்து ஊதியம் தரும் வழியைக் கொலராடோ முதலில் திறந்தது. கொரோனாக் காலத்தில் வேறு பல மாநிலங்களும் தற்காலிகமாகப் பெற்றோருக்கு ஊதியம் வழங்கின. 2023இல் நெருக்கடி நிலை முடிந்தபோது சில அதைத் தொடர்ந்தன, சில சுருக்கின. ஆரிகன் மாநிலம் அதே ஆண்டில் சட்டம் இயற்றி அதைத் தக்கவைத்துக்கொண்டது. எனினும் எத்தனை குழந்தைகளின் பெற்றோருக்கு, வாரத்துக்கு எத்தனை மணி நேரத்துக்கு என்று அதற்கும் உச்சவரம்பு வகுக்கப்பட்டது.