வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதன் காட்டு உறவினங்கள் எங்கே?

தேவிகுளம்: கேரள மாநிலம் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில் விளையும் காந்தலூர்–வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதாக 2023-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரை, அட்டப்பாடி துவரை ஆகியவற்றுடன் ஓணாட்டுக்கரை எள்ளும் கொடுங்ஙல்லூர் பொட்டுவெள்ளரியும் அப்போது அதே சிறப்பைப் பெற்றன. இந்த ஐந்தில் நான்கு பயிர்கள் விதையால் பெருகுபவை. பூண்டு மட்டும் அப்படியன்று. உழவர் நடுவது விதையை அல்ல, பூண்டுப் பல்லை.

இந்த ஒரு வேறுபாடே வட்டவடைப் பூண்டின் எதிர்காலத்தை வெகு தொலைவில் உள்ள இமயமலைக் காட்டு வெங்காயங்களோடு இணைக்கிறது.

அவரை, துவரை, எள் ஆகியவற்றின் விதைகளை நன்கு உலர்த்திக் கடுங்குளிரில் வைத்தால் பல பத்தாண்டுகள் முளைப்புத்திறன் குன்றாமல் காக்கலாம். பூண்டுப் பல்லை அவ்வாறு வைக்க இயலாது. ஆண்டுதோறும் மண்ணில் நட்டு எடுத்தாக வேண்டும். இல்லையேல் ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையிலோ, மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிருள்ள திரவ நைட்ரஜனிலோ வைத்துக் காக்க வேண்டும். ஒரு ஊரில் சில பருவங்கள் நடவு நின்றுபோனால் அவ்வூரின் வகையும் அத்தோடு மறைந்துவிடக்கூடும். புவிசார் குறியீடு காப்பது பொருளின் பெயரையும் அது விளையும் இடத்தோடு அதற்குள்ள உறவையும் மட்டுமே. நடவுப் பொருளைக் காக்கும் பொறுப்பு உழவரின் தோட்டத்திலேயே தங்கிவிடுகிறது.

பல்லிலிருந்து பல்லாகப் பெருகுவதால் ஒவ்வொரு செடியும் தாய்ச்செடியின் நகலாகவே அமைகிறது. சுவையும் காரமும் மாறாமல் இருப்பதற்கு இதுவே காரணம். நோய்களும் அதே வழியில் தொடர்கின்றன. தாய்ச்செடியில் புகுந்த நச்சுயிரி அடுத்த பருவத்தின் பற்களுக்கும் கடந்து, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போகிறது. மகரந்தச் சேர்க்கையால் கிடைக்கும் புதிய மரபணுக் கலப்பு பூண்டுக்கு வாய்ப்பதில்லை. 1980-களில் மத்திய ஆசியாவில் விதை உண்டாக்கும் பூண்டுச் செடிகள் கண்டறியப்பட்ட பிறகே, உலக அளவில் பூண்டில் இனக்கலப்பு குறித்த ஆய்வுகளுக்கு வழி பிறந்தது.

வட்டவடையும் காந்தலூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், மழை மறைவுப் பகுதியில் உள்ள ஊர்கள். தமிழ் பேசும் உழவர் குடும்பங்கள் இங்கு மிகுதி. எல்லைக்கு இப்பால், கொடைக்கானல் மேல்மலையின் பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை பகுதிகளிலும் மலைப்பூண்டு விளைகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குத் தனியாக 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஒரே மலைத்தொடரின் பூண்டு, மாநில எல்லையால் இரு பெயர்களைத் தாங்கி நிற்கிறது.

காட்டுள்ளி வெங்காயம் அல்ல

பூண்டின் காட்டு உறவினத்தை இம்மலைகளிலேயே தேடுவோர் முதலில் எதிர்கொள்வது ஒரு பெயர்க் குழப்பம். மலையாளத்தில் ‘காட்டுள்ளி’ என்றும் தமிழில் ‘நரி வெங்காயம்’, ‘காட்டு வெங்காயம்’ என்றும் அழைக்கப்படும் செடி தென்னிந்தியாவில் பரவலாக உண்டு. அதன் கிழங்கு உரிக்க உரிக்க அடுக்கடுக்காக வருவது வெங்காயத்தைப் போலவே இருக்கும். ஆயினும் டிரிமியா இண்டிகா எனப்படும் இச்செடி வெங்காயப் பேரினத்தைச் சேர்ந்ததன்று. இன்றைய வகைப்பாட்டின்படி குடும்பமே வேறு. இலை தோன்றும் முன்பே பூந்தண்டு மட்டும் தனியே எழுந்து நிற்பது இதன் அடையாளம். இதயத் துடிப்பைப் பாதிக்கும் நச்சுப் பொருட்கள் இதில் உள்ளன. சித்த மருத்துவத்தில் இதற்கு இடமுண்டு என்பதற்காக வீட்டில் சமைத்து உண்ணத்தக்கதன்று.

உண்மையான வெங்காய இனத்தை இலையைக் கசக்கினால் எழும் மணமே காட்டிக்கொடுக்கும். பூண்டின் உயிரணுக்கள் சிதையும்போது, அதுவரை தனித்தனியே இருந்த அல்லின் என்னும் பொருளும் ஒரு நொதியும் கலந்து அல்லிசின் உருவாகிறது. பூண்டின் காரநெடி அதிலிருந்தே வருகிறது. நரி வெங்காயத்தில் இந்த நெடி இராது.

மலாரியில் கிடைத்த புதிய இனம்

வெங்காயம், பூண்டு உள்ளிட்ட அல்லியம் பேரினத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 1,100 இனங்கள் உள்ளன. இந்தியாவில் 35 முதல் 40 வரை எனக் கணக்கிடப்படுகிறது. இவற்றின் பன்மைக்கு மேற்கு இமயமலை, கிழக்கு இமயமலை என இரு மையங்கள் குறிப்பிடப்படுகின்றன. 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பன்மை மேற்கு இமயமலையிலேயே செறிந்துள்ளது.

அப்பகுதியில், உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தின் நீதிப் பள்ளத்தாக்கிலுள்ள மலாரி கிராமத்தில், 2019-ஆம் ஆண்டு ஒரு காட்டு வெங்காயம் சேகரிக்கப்பட்டது. தேசியத் தாவர மரபணு வளங்கள் பணியக ஆய்வாளர்கள் அதைப் புதிய இனம் என உறுதி செய்து 2021-ஆம் ஆண்டு ஆய்விதழில் வெளியிட்டனர். அல்லியம் இனங்களைத் தேடிச் சேகரித்த மறைந்த அறிஞர் குல்தீப் சிங் நேகியின் நினைவாக அதற்கு ‘அல்லியம் நேகியானம்’ எனப் பெயரிடப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து 3,000 முதல் 4,800 மீட்டர் வரை, பனி உருகி ஓடும் ஓடைக்கரை மணலிலும் புல்வெளிகளிலும் இது வளர்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான் என்பதை எண்ணினால் இதன் வாழிடம் எத்தகையது என்பது புரியும்.

அறிவியலுக்குப் புதிதே தவிர, மலாரி மக்களுக்கு இது பழைய செடி. தாளிப்பதற்காக இதன் இலையும் கிழங்கும் பறிக்கப்படுகின்றன. கட்டுப்பாடின்றிப் பறித்தால் இயற்கையில் உள்ள செடிகள் அருகிவிடும் என ஆய்வாளர்கள் எச்சரித்துள்ளனர்.

இருபது ஆண்டுப் பயணம்

காட்டு இனம் ஒன்றால் சாகுபடிக்கு என்ன பயன் என்ற வினாவுக்கு, இமயமலையின் மற்றொரு காட்டு வெங்காயமான அல்லியம் ராய்லி விடை தந்திருக்கிறது. குளிரும் ஈரமும் சேர்ந்த பருவத்தில் வெங்காயத் தாள்களைக் கருகச் செய்யும் அடிச்சாம்பல் நோய்க்கு இவ்வினத்தில் எதிர்ப்பாற்றல் இருப்பது அறியப்பட்டு, நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதைப் பயிர் வெங்காயத்தோடு கலந்தனர். கலப்பு எளிதாகவே அமைந்தது. சிக்கல் பிறகுதான் தொடங்கியது. எதிர்ப்பு மரபணுவை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற செடிகள் பிழைக்கவில்லை. அம்மரபணுவுக்கு அருகிலேயே செடியைக் கொல்லும் கூறு ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்விரண்டையும் பிரித்து, நோய் தாங்கும் வெங்காய வகைகளை எட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அம்முயற்சியின் முடிவுகள் 2007-ஆம் ஆண்டு வெளியாயின. இந்தியக் காட்டுச் செடியின் மரபணு முதலில் ஐரோப்பிய வயல்களுக்குப் பயன்பட்டது என்பதும் கவனத்துக்குரியது.

பூண்டில் இத்தகைய கலப்பு மேலும் கடினம். பூவே பெரும்பாலும் மலடு. ஆகவே வட்டவடை உழவருக்கு இப்போதைக்குக் கைகொடுக்கக்கூடியது, நச்சுயிரி நீக்கிய நடவுப் பற்களைத் திசு வளர்ப்பு வழியாகப் பெறுவதே. இந்தியாவில் வெங்காயம், பூண்டு ஆய்வுக்கான தலைமை நிறுவனம் மகாராஷ்டிரத்தின் ராஜகுருநகரில் உள்ளது. மரபணு வளங்கள் பணியகத்தின் மண்டல நிலையம் கேரளத்தின் திருச்சூரில் இயங்குகிறது. பணியகத்தின் இமயமலை நிலையம் உத்தராகண்டின் போவாலியில் உள்ளது. அல்லியம் இனங்கள் அங்கே வயலில் நட்டுப் பேணப்படுகின்றன.