தமிழ் எழுத்துச் சிதைவு (வலைச் செயலிகள்)

தமிழ் எழுத்துச் சிதைவு என்பது, வலைச் செயலி ஒன்றில் உள்ளிடப்பட்ட தமிழ் உரை சேமிக்கப்படும்போதோ, அனுப்பப்படும்போதோ, காட்டப்படும்போதோ கேள்விக்குறிகளாகவும், பொருளற்ற இலத்தீன் எழுத்துக்களாகவும், வெற்றுக் கட்டங்களாகவும், உயிர்க்குறியும் புள்ளியும் இழந்த எழுத்துக்களாகவும் மாறிவிடுவதைக் குறிக்கும். இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. யப்பானியர் இதனை மொஜிபாகே என்று அழைக்கின்றனர். ஆயினும் ஒரே மொழிக்குப் பல குறியாக்கங்கள் நெடுங்காலம் புழங்கியதாலும், திரையில் ஓர் எழுத்தாகத் தெரிவது கணினிக்குள் இரண்டு குறியெண்களாக இருப்பதாலும் தமிழில் இது பல உருவங்களில் தோன்றுகிறது.

சிதைவுகளுள் சிலவற்றை முழுமையாக மீட்கலாம். சிலவற்றை மீட்கவே இயலாது. சேர்க்கைப் பட்டியலிலோ வாக்காளர் பட்டியலிலோ உள்ள ஒருவருடைய பெயர் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டுவிட்டால், அவரை மீண்டும் கேட்டு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. எனவே சிதைவைக் கண்டவுடன் அது எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிவதே முதல் வேலையாகும். அதை அறியாமல் திருத்த முற்படுவது, மீட்கத்தக்க தரவையும் அழித்துவிடக்கூடும்.

ஒரு சொல்லின் அளவு

வேலூர் மாவட்டத்தில், சவ்வாது மலைக்கு வடக்கே உள்ள கணியம்பாடி என்னும் ஊரின் பெயரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். படிப்பவர் கண்ணுக்கு இது க, ணி, ய, ம், பா, டி என ஆறு எழுத்துக்கள். ஒருங்குறியில் இகரக் குறி இரண்டு முறையும், ஆகாரக் குறியும் புள்ளியும் ஒவ்வொரு முறையும் தனிக் குறியெண்களாக வருவதால் மொத்தம் பத்துக் குறியெண்கள். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் பிடிப்பதால் முப்பது பைட்டுகள். இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறியிட்டு எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக விரிவதால் தொண்ணூறு குறிகள்.

6, 10, 30, 90 என்னும் இந்நான்கு எண்களையும் நினைவில் கொண்டால் கீழே வருவனவற்றுள் பெரும்பகுதி எளிதில் விளங்கும். பி.எச்.பி மொழியின் பழைய சர நீளச் சார்பு இச்சொல்லுக்கு 30 என்றும், அதன் பல்பைட்டுச் சார்பு 10 என்றும் விடை தரும். ஜாவாஸ்கிரிப்டும் பைத்தான் 3-உம் 10 என்றே கூறும். ஆறு என்ற விடை வேண்டுமாயின் எழுத்துத் தொகுதிகளை எண்ணும் கருவி தேவை. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கென ஒரு பிரிப்பான் உண்டு. பைத்தானில் ஓப்பன்-தமிழ் என்னும் திறந்த மூல நிரலகம் உள்ளது.

சிதைவின் தோற்றமும் காரணமும்

கணியம்பாடி என்று இருக்க வேண்டிய இடத்தில் பத்துக் கேள்விக்குறிகள் இருந்தால், தமிழை அறியாத குறியாக்கம் ஒன்றுக்கு உரை மாற்றப்பட்டுள்ளது என்று பொருள். மாற்றிய மென்பொருள் குறியெண்களைச் சரியாகவே படித்து, இணையான எழுத்து கிடைக்காமையால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துள்ளது. மூல எழுத்து எங்கும் எஞ்சவில்லை. தரவுத்தள அட்டவணை இலத்தீன்-1 குறியாக்கத்தில் இருப்பதே இதற்கு வழக்கமான காரணம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 2018 இல் வெளிவந்த 8.0 பதிப்பு வரை அதுவே இயல்பமைப்பாக இருந்தது. விண்டோஸின் நோட்பேட் செயலியில் இயல்பான குறியாக்கத்திலேயே கோப்பைச் சேமித்தவர்களும் இதே கேள்விக்குறிகளைக் கண்டிருப்பர்; அச்செயலியின் இயல்பமைப்பு யூ.டி.எஃப்-8 ஆனது 2019 இல்தான்.

முப்பது இலத்தீன் குறிகள் தெரிந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. க என்னும் எழுத்தின் மூன்று பைட்டுகள் 224, 174, 149 ஆகும். இவற்றை விண்டோஸ்-1252 குறியாக்கமாகப் படித்தால், தலையில் சாய்கோடு கொண்ட இலத்தீன் எழுத்து, வட்டத்துக்குள் அமைந்த பதிவு வணிகக் குறி, ஒரு கரும்புள்ளி ஆகியவை தோன்றும். தமிழ்க் குறியெண்கள் அனைத்தும் 224 என்ற பைட்டில் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 ஐப் பெறுவதால், அதே சாய்கோட்டு எழுத்து ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் திரும்பத் திரும்ப வரும். இந்த அணிவகுப்பைக் கண்டால் பைட்டுகள் நலமாக உள்ளன, படிப்பவர்தாம் தவறாகப் படிக்கிறார் என்று கொள்ளலாம். வழங்கி அனுப்பும் தலைப்புச் செய்தியில் குறியாக்கப் பெயரைத் திருத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பக்கத்தின் உள்ளே குறிப்பிடப்படும் குறியாக்கத்தை விடத் தலைப்புச் செய்தியில் உள்ளதையே உலாவி ஏற்கும் என்பதை மறந்து, பக்கத்தையே திரும்பத் திரும்பத் திருத்துவோர் பலர்.

இலத்தீன் குறிகள் இருந்தும் அந்த அணிவகுப்பு இல்லையென்றால், உரை ஒருங்குறிக்கு முற்பட்ட குறியாக்கத்தில் இருக்கக்கூடும். சாதாரண ஆங்கிலச் சிறிய எழுத்துக்களின் குவியல் போலத் தோன்றினால் அது பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது எனலாம். அச்சகங்களிலிருந்து வரும் கோப்புகளில் இது இன்றும் காணப்படுகிறது.

கருஞ்சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தோன்றுவது வேறு வகை. பைட்டுத் தொடர் நடுவில் வெட்டுப்பட்டதன் அடையாளம் அது. கணியம்பாடி என்பதை முதல் பத்துப் பைட்டுகளுடன் நிறுத்தினால் கணி என்பது முழுதாகவும், ய என்பதன் முதல் பைட்டு மட்டும் தனியாகவும் நிற்கும். செய்திச் சுருக்கம் காட்டும் நிரல்களில் இது அடிக்கடி நேர்வதாகும். வெற்றுக் கட்டங்கள் எழுத்துரு இல்லாமையைக் காட்டுகின்றன, தரவில் குறையில்லை. உயிர்க்குறியின் அருகே புள்ளிகளால் ஆன வட்டம் தோன்றினால், அக்குறி சாய்ந்து நிற்பதற்கு முன்னால் மெய்யெழுத்து இல்லை என்பது பொருள்.

பின்னணி

ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே (1991) தமிழ் இடம்பெற்றது. அதன் அமைப்பு இந்திய அரசின் 1988 ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. எனினும் அதனைத் திரையில் காட்டும் ஆற்றல் பொதுவான கணினிகளுக்கு விண்டோஸ் 2000, விண்டோஸ் எக்ஸ்பி ஆகியவற்றுடனேயே வந்தது. இடைப்பட்ட காலத்தில் இணையத் தமிழ் 8-பிட்டுக் குறியாக்கங்களை நம்பியிருந்தது. மின்னஞ்சல் குழுக்களில் உருவான திஸ்கி ஒருபுறமும், 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் ஆகியவை மறுபுறமும் வழங்கின. பல நாளிதழ்களின் தளங்கள் தத்தம் எழுத்துருக்களைப் பயன்படுத்தின. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் திஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளிவந்தன. 2010 சூனில் தமிழக அரசு ஒருங்குறியையும், 16-பிட்டு டேஸ் குறியாக்கத்தையும் தரங்களாக அறிவித்தது.

இவ்வரலாறு இன்றைய நிரலாளருக்கும் தேவைப்படுகிறது. திஸ்கியில் கெ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் சேமிக்கப்படும். ஒருங்குறியில் ஒலிக்கும் வரிசையில் ககரம் முதலில் வரும். ஆகையால் பழைய தரவை மாற்றும் நிரல் ஓர் எண்ணுக்கு இன்னோர் எண்ணை இட்டால் போதாது. வரிசையையும் மாற்ற வேண்டும்.

இரட்டைக் குறியாக்கம்

மிகவும் ஏமாற்றக்கூடிய சிதைவு இதுவே. அட்டவணை யூ.டி.எஃப்-8 ஆகவும், செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையேயான இணைப்பு இலத்தீன்-1 ஆகவும் இருப்பதாகக் கொள்க. செயலி அனுப்பும் முப்பது பைட்டுகளை முப்பது இலத்தீன் எழுத்துக்கள் என்று தரவுத்தளம் கருதி, ஒவ்வொன்றையும் மீண்டும் யூ.டி.எஃப்-8 ஆக்கிச் சேமிக்கிறது. படிக்கும்போது அதே தவறு எதிர்த்திசையில் நிகழ்வதால் பக்கத்தில் தமிழ் ஒழுங்காகவே தெரியும். ஆண்டுக்கணக்கில் ஒருவரும் அறியாமல் இருக்கலாம். வழங்கி மாற்றப்படும் நாளிலோ, இணைப்பு நிரலகம் புதுப்பிக்கப்படும் நாளிலோ தளம் முழுவதும் ஒரே நேரத்தில் சிதைந்து, பழி புதிய வழங்கியின் மேல் விழும்.

உறுதி செய்ய, தரவுத்தளத்தின் பதினாறடிமான வெளியீட்டுச் சார்பைக் கொண்டு ஒரே ஒரு சொல்லின் பைட்டுகளை எண்ணிப் பார்ப்பது போதுமானது. கணியம்பாடிக்கு 30 பைட்டுகள் இருந்தால் நலம். அதைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தால் இரட்டைக் குறியாக்கம். திரையைப் பார்த்து முடிவு செய்தல் ஆகாது, ஏனெனில் திரைக்கும் தரவுக்கும் இடையில் உள்ள ஒவ்வோர் அடுக்கும் உரையை மாற்றக்கூடியது.

திருத்தும் முறை, உரையை இலத்தீன்-1 ஆக மாற்றி, இரும நெடுவரிசையாக்கி, பின்னர் யூ.டி.எஃப்-8 என்று பெயரிடுவதாகும். முழுப் படியெடுத்து வைத்த பின்னரே இதனைச் செய்தல் வேண்டும். இங்குத் தமிழுக்கே உரிய ஒரு பொறி உண்டு. விண்டோஸ்-1252 இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களுக்கு எழுத்து வரையறுக்கப்படவில்லை. உகரக் குறியின் இறுதிப் பைட்டு 129, புள்ளியினுடையது 141, ஏ என்பதனுடையது 143, ஐ என்பதனுடையது 144. மைஎஸ்க்யூஎல் தன் இலத்தீன்-1 அட்டவணையில் இவ்விடங்களுக்கும் குறியெண் தருவதால் அதற்குள்ளேயே திருத்தினால் இழப்பில்லை. வெளிக்கருவி ஒன்று கண்டிப்பான விண்டோஸ்-1252 ஐப் பின்பற்றினால், புள்ளியும் உகரமும் வரும் இடமெல்லாம் பிழையாகும். பைத்தான் பிழைச்செய்தி தந்து நின்றுவிடும், அது நல்லது. அமைதியாக விட்டுவிட்டுச் செல்லும் கருவிகளே ஆபத்தானவை. புள்ளியில்லாத தமிழுரை அரிது என்பதால் இழப்பு சிறிதாக இராது.

கருவித் தேர்வு

மைஎஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்8 என்று வழங்கிய குறியாக்கம் மூன்று பைட்டுகள் வரையே தாங்கும். முதன்மைத் தமிழ்த் தொகுதிக்கு அது போதுமானதே. ஆயினும் 2019 இல் ஒருங்குறி 12.0 உடன் சேர்ந்த தமிழ்ப் பின்னிணைப்புத் தொகுதிக்கு (முந்திரி முதலிய பழைய பின்னங்களும் கணக்குக் குறிகளும் கொண்டது) நான்கு பைட்டுகள் வேண்டும். உணர்ச்சிக் குறிகளுக்கும் அவ்வாறே. புதிய செயலிக்கு யூடிஎஃப்8எம்பி4 ஐத் தவிர வேறொன்றைத் தேர்வதற்குக் காரணமில்லை. மீடியாவிக்கி மென்பொருள் வேறு வழியைக் கையாண்டது. தரவுத்தளத்தின் குறியாக்கத்தை நம்பாமல், உரையை இருமத் தரவாகவே சேமித்தது. சிதைவு குறையும், ஆனால் நீளக் கணக்கு பைட்டில் அமையும். அதன் கட்டுரைத் தலைப்புக்கு 255 பைட்டு வரம்பு இருப்பதால் தமிழில் 85 குறியெண்களே இடலாம்.

வரம்புகள் வேறிடங்களிலும் மறைந்துள்ளன. வேர்ட்பிரஸ் செயலி இடுகையின் முகவரிப் பெயரை விழுக்காட்டுக் குறியீட்டில் 200 குறிகளுக்குள் வைப்பதால், தமிழில் 22 குறியெண்கள் மட்டுமே நிற்கும். கணியம்பாடி போன்ற இரண்டு சொற்களுடன் தலைப்பு அறுந்துவிடும். குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்துக்கு 160 இடமும், தமிழ் கலந்தால் 70 இடமும் கிடைக்கும்.

எழுத்தா எழுத்தில்லையா என்று சோதிக்கும் வடிவக் கோவைகள் தனிக் கவனத்துக்குரியவை. ஒருங்குறி, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்து வகையில் சேர்க்காமல் ஒட்டுக்குறி வகையில் வைத்துள்ளது. எழுத்துக்களை மட்டும் அனுமதிக்கும் கோவை கணியம்பாடியைக் கணயமபட ஆக்கிவிடும். பைத்தானின் சொல்-எழுத்துக் குறியும் அவ்வாறே நடப்பதால், ஜாங்கோ சட்டகத்தின் முகவரிப்பெயர் ஆக்கும் சார்பு ஒருங்குறியை அனுமதித்தாலும் இதே விடையைத் தருகிறது. ஒட்டுக்குறி வகையையும் கோவையில் சேர்த்தல் வேண்டும். பெயரின் முதலெழுத்தை வட்டத்துக்குள் காட்டும் செயலிகளில் சேகர் என்பவருக்குச் சே என்று வராமல் ச என்று வருவதும் குறியெண்ணை எழுத்தாகக் கொண்டதன் விளைவே.

தேடலும் அகரவரிசையும்

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு சொற்கள் தரவுத்தளத்துக்கு வெவ்வேறாக இருக்கக்கூடும். ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம்; கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். ஒருங்குறி இவ்விரண்டையும் சமமெனக் கூறுவதால், சேமிக்கும் முன் இயல்பாக்கம் செய்தால் சிக்கல் தீரும். ஸ்ரீ என்பது அவ்வாறன்று. 2005 இல் ஶ தனிக் குறியெண் பெற்ற பின்னர் அதைக் கொண்டு எழுதிய ஶ்ரீயும், ஸகரம் கொண்டு எழுதிய ஸ்ரீயும் பல எழுத்துருக்களில் ஒரே தோற்றமுடையவை. இயல்பாக்கமோ இவற்றை இணைப்பதில்லை. தமிழ் எண் ௧ ஐயும் ககரத்தையும் மாற்றித் தட்டியிருந்தாலும் அப்படியே. சவ்வாது, ஜவ்வாது, ஜவாது என மலையின் பெயரை மூவர் மூவிதமாக எழுதினால் அதற்கு எந்தக் குறியாக்கமும் பொறுப்பாகாது. மாற்றுப்பெயர் அட்டவணை ஒன்றைக் கையால்தான் அமைக்க வேண்டும்.

குறியெண் வரிசை தமிழ் அகரவரிசை அன்று. அதில் ன என்பது ந வை அடுத்தும், ற என்பது ர வை அடுத்தும் நிற்கின்றன. மேலும் புள்ளியின் எண் பெரியதாதலால் பகல் என்பது பக்கம் என்பதற்கு முன்னால் வந்துவிடுகிறது. அகராதியில் பக்கமே முன்னது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2017 இல் வந்த 10 ஆம் பதிப்பிலிருந்து ஐ.சி.யு நிரலகத்தின் மொழிவாரி வரிசை விதிகளைப் பயன்படுத்த இடம் தருகிறது.

ஏற்றுமதிக் கோப்புகள்

செயலியில் நன்றாக இருக்கும் தமிழ், பதிவிறக்கிய அட்டவணைக் கோப்பை எக்செல்லில் திறந்தவுடன் சிதைவது அலுவலகங்களில் அன்றாடக் காட்சி. காற்புள்ளியால் பிரித்த கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்னும் மூன்று பைட்டுகள் கொண்ட அடையாளக் குறியை இட்டால் எக்செல் அதை யூ.டி.எஃப்-8 என அறியும். அதே மூன்று பைட்டுகள் பி.எச்.பி நிரல் கோப்பின் தொடக்கத்தில் அமர்ந்துவிட்டால், தலைப்புச் செய்திகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்னும் புரியாத பிழை எழும்.

பி.டி.எஃப் சான்றிதழ்களில் கொம்பு, மெய்யெழுத்தின் வலப்பக்கம் போய் நிற்பதையும் காணலாம். தரவு சரியானதே. எழுத்துக்களை இடம்மாற்றி அடுக்கும் வடிவமைப்பு இயந்திரம் அந்த நிரலகத்தில் இல்லை. பயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் இவ்வேலையை ஹார்ஃப்பஸ் செய்கிறது. ஆதலால் சான்றிதழை முதலில் வலைப்பக்கமாக அமைத்து, திரையில்லா உலாவி ஒன்றைக் கொண்டு அதையே பி.டி.எஃப் ஆக்குவது பலர் கையாளும் வழியாகும். கோப்பு சற்றுப் பெரிதாகும், வழங்கியின் நினைவகமும் கூடுதலாகச் செலவாகும்; கொம்பு தன் இடத்தில் நிற்கும்.